கொள்கலமும் கொல்லைப்புற வாசலும்

கன்டெய்னர் என்றால் நம் பெங்களூர் வணிகர்களுக்கு ரயிலில் வரும் சரக்குப்பெட்டிதான் நினைவுக்கு வரும். நாட்டின் முதல் உள்நாட்டுச் சரக்குப்பெட்டி நிலையம் 1981இல் அமைந்ததே இவ்வூரில்தான். இன்று ஒயிட்ஃபீல்டு பிள்ளைகள் அச்சொல்லால் குறிப்பது வேறு. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டி, எந்தக் கணினியிலும் அப்படியே இறக்கி ஓட்டுவது. 2013இல் டாக்கர் வந்தபின் இம்முறை பரவிற்று.

கடைக்குப் பில் போடும் மென்பொருளை இப்படி ஓட்டுகிறோம் என்று கொள்வோம். அதற்கு வாசல் இரண்டு (போர்ட் எனும் இலக்கத்தை வாசல் என்றே எழுதுகிறேன்). முன்வாசல் 8080, பில் போடுகிறவர்களுக்கு. கொல்லைப்புற வாசல் 8081, நிர்வாகிக்கு. ஸ்பிரிங் பூட் மென்பொருள்களில் ஆக்சுவேட்டர் என்ற பகுதியை இப்பின்வாசலில் வைக்கலாம். அதில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால், அம்மென்பொருளின் நினைவகப் படியையே எவனும் இறக்கிக்கொள்ளலாம். தரவுத்தளக் கடவுச்சொல் அதற்குள்ளேயே கிடக்கும். கல்லாப்பெட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 127.0.0.1 என்றால் 'நானே' என்று பொருள். பெட்டிக்குள் அப்படி எழுதினால் அந்த 'நான்' பெட்டிதான், அதைச் சுமக்கும் கணினி அன்று. அப்புறம் கணினியிலிருந்தேகூட வாசல் திறக்காது. உடனே எரிச்சலில் 8081:8081 என்று எழுதிவிடுகிறார்கள். இடப்பக்கம் கணினியின் வாசல், வலப்பக்கம் பெட்டியின் வாசல். முகவரி சொல்லாததால் டாக்கர் அதைக் கணினியின் எல்லா முகவரியிலும் திறந்துவிடும். உபுண்டுவின் யு.எஃப்.டபிள்யு தீச்சுவரில் அடைத்திருந்தாலும் பயனில்லை; டாக்கர் போடும் விதிகள் பொட்டலத்தை அதற்கு முன்பே திருப்பிவிடும். (பாக்கெட்டைப் பொட்டலம் என்பதில் எங்கள் தொழிலுக்கு ஆட்சேபணை இல்லை.)

சரியான வழி: பெட்டிக்குள் 0.0.0.0, அதாவது எல்லா முகவரியிலும் கேட்கட்டும். வெளியே 127.0.0.1:8081:8081 என்று எழுதுக. 2025இல் வந்த 28ஆம் பதிப்புக்கு முந்தைய டாக்கரில் இதிலும் ஓட்டை உண்டு. ஒரே ஸ்விட்சில் இணைந்த பக்கத்துக் கணினி உள்ளே வரலாம். நிர்வாகி தொலைவிலிருந்தால் எஸ்.எஸ்.எச். சுரங்கம் வழியே வரட்டும். கண்காணிக்கும் மென்பொருளும் ஒரு பெட்டியானால், இரண்டையும் ஒரே உள்வலையில் சேர்த்தால் போதும், வெளிவாசலே வேண்டாம்.

'நம்ம சின்னக் கடையை எவன் மாமா தேடி வரப்போறான்?' என்பான் என் தங்கை மகன். தேடி வருவது ஆளன்று, இடைவிடாது முகவரிகளைத் தட்டிப் பார்க்கும் நிரல். பெரிய இடத்துக்கும் இதே கதிதான். 2018 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனத்தின் குபெர்னெடிஸ் நிர்வாகப் பலகை கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து கிடந்ததை ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. நுழைந்தவர்கள் அங்கே மறைநாணயம் தோண்டினார்கள், சந்தேகம் வராதபடி மெதுவாக. அமேசான் சேமிப்பகத்தின் சாவிகளும் அங்கேயே இருந்தன.

வாசல் அடைபட்டதா என்று அதே கணினியிலிருந்து பார்த்துத் திருப்திப்படக் கூடாது. கைபேசியில் வைஃபையை அணைத்து, வெளி இணையத்திலிருந்து 8081ஐத் தட்டிப் பாருங்கள். பதில் வரக்கூடாது.