ஆசைக்கு வானம் பார்த்தவர்கள்
பொழுதுபோக்கு என்றாலே நேரத்தை வீணாக்குவது என்று சொல்பவர்கள் வில்லியம் ஹெர்ஷலை எண்ணிப்பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் இசையால் பிழைத்தவர் அவர். வானம் பார்த்தது ஆசைக்காகத்தான். தொலைநோக்கியின் ஆடியைக்கூடத் தானே மெருகேற்றினார். 1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்திலிருந்து அவர் கண்டது யுரேனஸ் கோள். முதலில் வால்மீன் என்றே நினைத்தார்!

அவர் மேதை, நமக்கு அது வாய்க்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய தொலைநோக்கிகளுக்கு ஒரே விண்மீனை இரவுதோறும் பார்த்திருக்க நேரம் கிடைப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவர்கள் ஆர்வலர்களே. ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைப் பற்றி, 1911-இல் அமெரிக்காவில் தொடங்கிய நோக்கர் சங்கத்துக்கு அவர்கள் அனுப்பும் குறிப்புகளை வானியல் அறிஞர்களும் பயன்படுத்துகிறார்கள். பிரகாசமான சில விண்மீன்களைக் கவனிக்க வெறும் கண்ணே போதும்.