பாட்டி போட்ட தாளம், பாப்பா வாசித்த வீணை!

இரண்டு வருஷத்துக்கு முன்பு நவராத்திரி சமயம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். "உங்க பொண்ணு வீணை கத்துக்கறாளாமே, ஏதாவது ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்களேன்" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். என் கணவர் வீட்டுக்கு ஓடிப் போய் வீணையைத் தூக்கி வந்தார். மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பையனும் உற்சாகமாக வந்து உட்கார்ந்தான்.

பாப்பாவுக்கு அப்போது பத்து வயசு. புரந்தரதாசரின் மலஹரி கீதம். வீட்டில் அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வரியில் ஒரு சுரம் தவறிவிட்டது. வழக்கம்போல நின்று, மெட்டைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பித்தாள். மிருதங்கம் நிற்கவில்லை. அவள் அவசரப்பட்டாள், இன்னும் இரண்டு சுரம் தவறியது. கையை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

மறுநாளிலிருந்து வீணையின் உறையைப் பிரிக்கவே இல்லை. கேட்டால், "எனக்கு வேணாம்மா, நான் நிறுத்திடறேன்" என்றாள்.

எனக்குப் பகீர் என்றது. ஏனென்றால், நானும் அப்படி நிறுத்தியவள்தான். கல்யாணத்துக்கு முன்பு வர்ணம் வரை கற்றுக்கொண்டேன். இந்த வீணையே என் பிறந்த வீட்டிலிருந்து வந்ததுதான். குடும்பம், குழந்தை, வேலை என்று அது பரணில் தூங்கியது. பாப்பாவுக்காகத்தான் இறக்கி, தந்தி மாற்றினோம். திரும்பவும் பரணுக்கு அனுப்ப மனசு வரவில்லை.

தவறு எங்கே?

தினமும் சாயங்காலம் பாப்பா வாசிக்கும்போது தாளம் போடுவது என் மாமியார். திருப்புகழ் பஜனையில் வருஷக்கணக்காகப் பாடி வருபவர். அருணகிரிநாதரின் ஊர் ஆயிற்றே எங்கள் திருவண்ணாமலை! பாட்டுக்குப் பாட்டு சந்தம் மாறும் திருப்புகழையே கையில் தாளம் பிசகாமல் பாடுபவருக்கு ஒரு கீதத்துக்குத் தாளம் போடுவதா கஷ்டம்?

ஆனால் ஒன்று கவனித்தேன். பேத்தி தடுமாறினால் பாட்டியின் கை அந்தரத்தில் நின்றுவிடும். "பரவால்ல கண்ணு, பாத்து வாசி" என்பார். அவள் சுரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் கை தொடையில் இறங்கும். நான் தாளம் போட்டாலும் அதே கதைதான். ஆக, குழந்தைக்காகத் தாளம் காத்திருந்ததே தவிர, தாளத்தோடு போக அவள் பழகவே இல்லை! அன்பு காத்திருக்கும்; தாளம் காத்திருக்காது. இதை நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

தினமும் மிருதங்கத்துக்கு ஆள் வைக்க நமக்குக் கட்டுமா? "உங்க அம்மா தாளத்தை செல்போன்ல பதிஞ்சு வெச்சுட்டா என்ன?" என்றேன் கணவரிடம். அங்கே ஆரம்பித்தது எங்கள் வீட்டு ரிகார்டிங் ஸ்டூடியோ!

நாங்கள் மட்டுமா?

இது ஒன்றும் புதுசு இல்லையாம். அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகன் சொன்னான். நியூயார்க்கில் 1950-லேயே 'மியூசிக் மைனஸ் ஒன்' என்று ஒரு கம்பெனி இசைத்தட்டு போட ஆரம்பித்ததாம். எல்லா வாத்தியமும் இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது. அந்த ஒன்றை நாம் வீட்டில் உட்கார்ந்து வாசிக்க வேண்டியது.

அவன் அங்கே பாஞ்சோ கற்றுக்கொள்கிறான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட மக்களிடமிருந்து வந்த வாத்தியம் அது. ஐந்து தந்தியில் ஒன்று மட்டும் குட்டை. பெரும்பாலும் அதை அழுத்தாமலே மீட்டுவார்களாம். நம் வீணையில் வாசிக்கிற நாலு தந்திக்குப் பக்கத்தில் மூன்று தாளத் தந்தி இருக்கிறதே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பாஞ்சோ பழகுகிறவர்கள் 33 சுற்று இசைத்தட்டை 16 சுற்றில் ஓடவிட்டு, மெதுவாகக் கேட்டுப் பழகுவார்களாம். வேகம் பாதியானால் சுருதியும் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். இப்போது செல்போனில் சுருதி இறங்காமல் வேகத்தை மட்டும் குறைக்க முடிகிறது.

நம் பக்கத்திலும் 1979-ல் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் என்ற என்ஜினீயர் எலக்ட்ரானிக் தம்புராவைச் செய்தார். அவர் புல்லாங்குழலும் வாசிப்பவர். இப்போது அந்தத் தம்புரா சத்தம் செல்போனிலேயே வந்துவிட்டது.

செய்வது எப்படி?

தேவையானவை இரண்டு செல்போன், ஒரு இயர்போன், கோரைப் பாய், மடித்த துண்டு. காசு செலவு கிடையாது.

முதலில் சுருதி. ஒரு போனில் தம்புரா ஆப்பைத் திறந்து, வீணை எந்தக் கட்டையில் சேர்த்திருக்கிறதோ அதே கட்டையை வையுங்கள். எங்கள் வீணை மூன்று கட்டை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஸி என்றால் மூன்று கட்டை ஈ. பாட்டுக்காரப் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். அதைப் பார்த்து வீணைக்கும் வைத்துவிடாதீர்கள். தந்தி தெறிக்கும்!

அடுத்தது தாளம். இந்தக் கீதம் ரூபக தாளம். இரண்டும் நாலும் ஆறு அட்சரம். "தக தகதிமி" என்று வாயால் சொல்லிக்கொண்டே மாமியார் தொடையில் தட்டினார். ஜண்டை வரிசைக்கு ஆதி தாளம். எட்டு அட்சரம். அதற்கு "தகதிமி தகஜுனு". வெறும் தட்டைவிட வாய்ச்சொல்லும் சேர்ந்தால் குழந்தைக்கு இடம் சுலபமாகப் புரிகிறது.

வேகம் மிக முக்கியம். 'டிக் டிக்' என்று தட்டும் மெட்ரனோம் ஆப்பில் நிமிஷத்துக்கு 48, 60, 80 என்று மூன்று வேகம் வைத்து, மூன்று பதிவு செய்தோம். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு முறையே 10, 8, 6 விநாடி ஆகும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சரிபார்த்துவிடலாம்.

பதிவு செய்யும் போனை மடித்த துண்டின் மேல், தட்டும் கையிலிருந்து இரண்டு சாண் தள்ளி வையுங்கள். தம்புரா போன் இன்னும் தள்ளி, சுவர் ஓரமாக இருக்கட்டும். வெறும் அறையில் எதிரொலி வரும். துணி அலமாரி இருக்கிற அறையில் கோரைப் பாய் விரித்து உட்கார்ந்தால் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். நடுவில் யாரும் கூப்பிடாதபடி போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு ஆவர்த்தனம் தாளம் மட்டும் வரவேண்டும். அப்போதுதான் வாசிக்கிறவர் எடுத்த எடுப்பில் சேர முடியும்.

நாங்கள் பட்ட பாடு

முதல் நாள் பௌர்ணமி என்பதை மறந்துவிட்டோம். ஊரே கிரிவலம் போகிற நாளில் வாசலில் ஹாரனும் ஒலிபெருக்கியும் ஓயுமா? இரண்டாம் முறை அதிகாலையில் உட்கார்ந்தோம். பாதியில் நான் வைத்த குக்கர் விசில் அடித்துவிட்டது! அதை அழிக்க வேண்டாம் என்று பாப்பாவே சொல்லிவிட்டாள். "விசில் வந்தா மூணாவது வரிம்மா" என்று அவளுக்கு அது ஒரு அடையாளம்.

பெரிய தவறு மூன்றாவது. பதிவைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால், 8 விநாடியில் ஆரம்பித்த ஆவர்த்தனம் கடைசியில் ஏழுக்கும் கீழே வந்திருந்தது. பழகின கைகூட உற்சாகத்தில் ஓடிவிடுகிறது. அப்புறம்தான் மாமியாருக்கு ஒரு காதில் இயர்போன் வைத்து, மெட்ரனோமைக் கேட்டபடி தட்டச் சொன்னோம். "இந்த வயசுல எனக்கு ஒரு வாத்தியாரா!" என்று முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே, "நானும் ஓடித்தான் இருக்கேன்" என்று சிரித்தார்.

பழகுவது எப்படி?

முதல் மூன்று நாள் வீணையைத் தொடவே இல்லை. பதிவோடு சேர்ந்து கையால் தாளம் போட்டு, சுரத்தை வாயால் பாடச் சொன்னேன். நாலாம் நாள் உறையைப் பிரிப்பதற்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

விதி ஒன்றே ஒன்றுதான். தவறினால் நிற்கக் கூடாது, தேடக் கூடாது. விட்டது விட்டதுதான். அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் சேர்ந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை பிசகாமல் வந்தால்தான் அடுத்த வேகம். பதிவின் சத்தம் வீணையை அமுக்கக் கூடாது. குழந்தையின் காதில் இயர்போன் வைக்காதீர்கள், போன் ஸ்பீக்கரே போதும்.

கடைசியாக ஒரு தந்திரம் செய்தோம். ஒரு ஆவர்த்தனம் தாளம் கேட்கும், அடுத்தது கேட்காது. மாமியார் காதில் மெட்ரனோம் ஓடிக்கொண்டிருக்க, அவர் சத்தமில்லாமல் விரலை மட்டும் அசைத்துவிட்டு, அதற்கடுத்த ஆவர்த்தனத்தைத் தட்டுவார். இந்தப் பதிவோடு வாசித்து, திரும்ப வரும் தட்டில் சரியாகப் போய் விழுந்தால் தாளம் குழந்தைக்குள்ளேயே வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீணை டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பாராட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "போன் காத்திருக்காது, சரி. ஆனா அது நம்மைக் கேட்கவும் கேட்காதுங்க. விரல் கோணலா விழுந்தா, சுருதி விலகினா அது சொல்லாது. தந்தியைச் சுருதி சேர்க்கறதை அவளே செய்யட்டும். வாரத்துல ரெண்டு நாளாவது மனுஷங்களோட வாசிக்கட்டும்." எத்தனை உண்மை! அதனால் செவ்வாயும் வெள்ளியும் போன் இல்லை. பாட்டியே நேரில் உட்கார்ந்து தாளம் போடுவார். இப்போது அவர் கை நிற்பதில்லை. நிறுத்தாமல் இருப்பது அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது!

மறுபடியும் நவராத்திரி

போன நவராத்திரிக்கு அதே வீடு, அதே கீதம், அதே பையன். பாப்பா மூன்றாவது வரியில் இந்தத் தடவையும் ஒரு சுரம் விட்டாள். எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் நிற்கவில்லை. விரலை லேசாகத் தூக்கினாள். அடுத்த தட்டில் அழகாகச் சேர்ந்தாள். விட்ட இடம் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்தே இருக்காது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்னார்: "தப்பே இல்லாம வாசிச்சிருந்தா இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்."

மாமியார் இப்போது சென்னையில் என் மைத்துனர் வீட்டில் இருக்கிறார். கார்த்திகை தீபத்துக்குத்தான் வருவார். ஆனால் தினம் சாயங்காலம் எங்கள் வீட்டில் அவர் குரல் கேட்கிறது, "தக தகதிமி" என்று, நடுவில் ஒரு குக்கர் விசிலோடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் எல்லோரும் வெளியே போன பிறகு, 48 வேகப் பதிவைப் போட்டுக்கொண்டு நானும் வீணையை எடுத்து உட்காருகிறேன். விரல் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நிறைய இடம் தவறுகிறது. ஆனால் நிற்பதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு வீணையோ, வயலினோ, ஆர்மோனியமோ இருந்தால் இறக்கிப் பாருங்கள், சகோதரிகளே. தாளம் போட வீட்டிலேயே ஒரு பெரியவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்!