கிளித்தட்டுக்கு ஒரு காணி

குளக்கட்டு வழியே – 11

விடிய ஐந்தரை மணி. கிளிநொச்சி நகரிலிருந்து மேற்கே இறங்கும் வாய்க்கால் வீதிகளில் ஒன்று. வயலை விட்டுப் பனி இன்னும் எழும்பவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, சொப்பிங் பை ஒன்றைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி எதிரே வருகிறார். பால் கொண்டுபோகிற சைக்கிள்காரர் பிறேக் பிடிக்காமலே கேட்கிறார்.

"எங்கயக்கா வெள்ளண?"

"கடைக்கு."

சைக்கிள் போய்விட்டது. அந்த ஊரில் கடை திறப்பது ஆறரைக்கு. அதோடு, கடை இருப்பது அவர் முதுகுப் பக்கம்.

மூன்று நாள் அந்தப் பையைக் கவனித்தேன். போகும்போதும் வெறுமை, திரும்பும்போதும் வெறுமை. நாலாம் நாள் கேட்டே விட்டேன். சிரித்தார். "சும்மா நடக்கிறன் எண்டு சொல்லேலுமே தம்பி? வீட்டில ஏதோ பிரச்சினையாம் எண்டு கதை கட்டுவினம். கையில பை இருந்தா ஒருத்தரும் ரெண்டாம் கேள்வி கேக்காயினம்."

போன கிழமை கிளினிக் வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த அக்காவும் அந்த வரிசையில் நிற்பவர்தான். சீனி வருத்தம் ஆறு வருடமாக, பிறசர் இரண்டு வருடமாக. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்கச் சொல்லி டொக்டர் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல ஆலோசனை. மருந்துக்கு ஃபார்மசி இருக்கிறது, இரத்தப் பரிசோதனைக்கு லாப் இருக்கிறது. நடப்பதற்கு மட்டும் அவரே இடம் தேட வேண்டும், சாட்டும் தேட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பை.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார்: "நாங்கள் நடந்த நடைக்கு இன்னும் நடக்கோணுமாமோ?"

பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் வன்னியில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 2009 தை 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனபோது நகருக்குள் சனமே இல்லை. எல்லாரும் கிழக்கே போயிருந்தார்கள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். உழவு இயந்திரப் பெட்டியில் சாமானும் காலில் செருப்புமாகத் தொடங்கிய பயணம் பலருக்கு இரண்டுமில்லாமல் முடிந்தது. பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அது மூடப்பட்டது 2012 புரட்டாதியில். திரும்பி வந்தால், நடக்கிற மண்ணிலேயே மிதிவெடி. முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் போர் முடிந்து பத்து வருடம் கடந்தும் நின்றன. பற்றைக்குள் கால் வைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த தாய்மாரிடம்தான் இப்போது, நடவுங்கோ அம்மா, காலுக்கு நல்லது என்கிறோம்.

இதைப் பற்றி யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கிற நண்பர்களிடம் கதைத்தால் ஒரு பதில் கட்டாயம் வரும். கிராமத்துச் சனத்துக்கு எதற்கு உடற்பயிற்சி, நாள் முழுக்க வேலை செய்கிறார்களே, அதுவே பயிற்சிதானே? நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதற்கு ஆதாரமாகக் காட்ட ஒரு பழைய ஆய்வும் உண்டு. ஜெரி மொரிஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் லண்டனின் இரண்டு தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் எழுதியது. நாள் முழுக்க இருந்த சாரதிகளைவிட, மாடிப்படி ஏறி இறங்கி ரிக்கற் கிழித்த கொண்டக்டர்மாருக்கு மாரடைப்பு குறைவு.

2021இல் கோப்பன்ஹேகனிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு இந்த நம்பிக்கையில் கல்லெறிந்தது. ஒரு லட்சத்து நாலாயிரம் பேருக்கு மேல், ஏறத்தாழப் பத்து வருடப் பின்தொடர்வு. ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களிடம் இதயநோயும் சாவும் குறைவு. வேலையில் உடலை வருத்தியவர்களிடமோ இரண்டும் கூட. அசைவு ஒன்றுதான், பலன் எதிரெதிர். விஞ்ஞானிகள் இதை இன்னும் விவாதிக்கிறார்கள், ஆனால் சொல்லப்படும் காரணம் எங்கள் ஊர்க்காரருக்கு நன்றாகவே விளங்கும். வேலையில் எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில் இல்லை. எட்டு மணித்தியாலம் குனிந்தபடி, அல்லது நின்றபடி, அல்லது ஒரே தோளில் பாரம். இதயம் நாள் முழுக்க வேகமாக அடிக்கிறது, ஆற நேரமில்லை. மூச்சு வாங்க ஓடிவிட்டு, போதும் என்று இருந்துவிடுகிற சுதந்திரம் விளையாட்டில்தான் உண்டு.

கணக்கெடுப்புகளில் ஒரு வேடிக்கை. 2022இல் உலகின் வளர்ந்தவர்களில் 31 வீதம் பேர், அதாவது 180 கோடிப் பேர், போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்னது. பெண்களில் 34 வீதம், ஆண்களில் 29. இந்தக் கணக்கில் வேலையும் அசைவாகவே எண்ணப்படும். களை பிடுங்குகிற, விறகு சுமக்கிற, அறிவியல்நகர்ப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைக்கு இருட்டோடு பஸ் ஏறி நாள் முழுக்க நிற்கிற பெண்ணெல்லாம் அங்கே 'போதிய அசைவு உள்ளவர்'. கிளினிக் வரிசையில் முன்னுக்கு நிற்பவரும் அவரேதான்.

அப்படியானால் இருக்கிற வசதி என்ன? நகருக்குள் ஜிம்கள் வந்துவிட்டன. கண்ணாடிச் சுவர், பாட்டுச் சத்தம், சேர்ட்டில்லாத நடிகர்களின் படம். மாதக் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் இளந்தாரிகள். கிராமங்களில் விளையாட்டுக் கழகங்களுக்குக் குறைவில்லை. உதைபந்தாட்டத்துக்குக் கொடுக்கிற உயிரை எங்கள் பொடியள் வேறெதற்கும் கொடுப்பதில்லை. ஆனால் கழகம் என்றால் ஆண்கள், அதுவும் முப்பது வயதுக்குள். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தும் எல்லேயும் விளையாடி மாகாண மட்டம் வரைக்கும் போகிறார்கள். ஏஎல் சோதனை முடிய அதுவும் முடிந்துவிடும்.

பிறகு அவர்களுக்கு மிச்சமிருப்பது வருடத்துக்கு ஒருமுறை மகளிர் தின விழா. சங்கீதக் கதிரை, தேசிக்காயும் கரண்டியும். ஒரு காலத்தில் நூறு மீற்றர் ஓடிய பெண்ணின் வாயில் கரண்டியைச் செருகி, தேசிக்காய் விழாமல் நடக்கச் சொல்லிச் சுற்றிநின்று சிரிக்கிறோம். பரிசு ஒரு பிளாஸ்ரிக் வாளி. எனக்கு இதில் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

பக்கத்து மாவட்டத்தில் முள்ளியவளை அகிலத்திருநாயகி எழுபது வயது கடந்தபின் 2023இல் பிலிப்பைன்ஸுக்குப் போய், மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். ஊரே கொண்டாடியது. அதே வயது ஆச்சி ஒருவர் எங்கள் வீதியில் வேகநடை போனால் மறிக்கிற முதல் ஆள் கேட்பது, "ஆச்சி, ஆருக்கு என்ன?" என்பதாகத்தான் இருக்கும்.

பை அக்காவின் ஊரில் பின்னேரங்களில் வேறொன்று நடப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். வேலியில்லாத ஒரு வெறுங்காணி, ஓரத்தில் இரண்டு பாலை மரம், ஒரு இடிந்த கிணற்றுக்கட்டு. உரிமையாளர் கனடாவில். உமிச்சாம்பலால் சுற்றுக்கோடும், நீட்டுக்கு நடுவில் ஒரு கோடும், குறுக்கே ஐந்து கோடுகளும். ஆறும் ஆறுமாகப் பன்னிரண்டு பெண்கள். இருபத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்தைந்து வரை. கிளித்தட்டு!

தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். குறுக்குக் கோடு ஒவ்வொன்றையும் ஒருவர் மறிப்பார். அவர் தன் கோட்டை விட்டு இறங்கக்கூடாது. மறிக்கிற பக்கத்தின் தலைவிதான் கிளி. கிளிக்கு மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடித் திரிய உரிமை உண்டு. இறங்குகிற பக்கம் அடி வாங்காமல் தட்டுத் தட்டாகக் கடந்து மறுபக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். ஒரு ஊரில் ஒரு சட்டம், அதற்காகச் சண்டையும் உண்டு. தேவைப்படுவது பன்னிரண்டு பேரும் ஒரு வாளிச் சாம்பலும். பந்து வேண்டாம், சப்பாத்து வேண்டாம்.

நின்று பாருங்கள். ஐந்து செக்கன் பாய்ச்சல், பிறகு சட்டென்று நிற்றல், உடம்பை ஒரு பக்கம் ஆட்டிக் காட்டி மறுபக்கம் பாய்தல், பின்வாங்கல், மூச்சு எடுத்தல், திரும்பப் பாய்ச்சல். ஜிம்மில் இடைவெளிப் பயிற்சி என்று காசு வாங்கிக்கொண்டு செய்விப்பது இதைத்தான். பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2020இல் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. சிறு சிறு அசைவும் சேரும் என்பதே இப்போதைய வழிகாட்டல். கிளித்தட்டுக்காரருக்கு அது புதுச் செய்தியல்ல.

அன்றைக்கு மெல்லிய ஓர் அக்கா கடைசிக் கோட்டிலேயே நின்றார். பாயவில்லை, கையை மட்டும் விரித்து மறித்தார். இடைவேளையில் கேட்டேன். "இடுப்புக்க ஷெல் பீஸ் கிடக்கு தம்பி. கெதியா திரும்பினா குத்தும். அதான் எனக்குக் கடைசிக் கோடு." எந்த ஜிம் பயிற்றுநரும் அவருக்கென்று அட்டவணை போட்டிருக்கமாட்டார். விளையாடுகிறவர்கள் தாங்களாகவே போட்டிருந்தார்கள். கிளியாக ஓடியவர் காணாமல்போன கணவனைத் தேடிப் பதினைந்து வருடமாகப் படம் தூக்கிக்கொண்டு போராட்டங்களுக்குப் போகிறவர். அவர் அங்கே வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டேன். உளநல வைத்தியர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010இல் எழுதியபோது, காயம் ஊருக்கே பட்டது என்பதால் மருந்தும் ஊராகச் சேர்ந்து செய்வதாக இருக்கவேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். சடங்கு, கூத்து, மூச்சுப்பயிற்சி எல்லாம் அதில் சேரும். கிளித்தட்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்ல ஆசை.

வெளியே பார்த்தால் தமிழ்நாட்டில் 2023 கார்த்திகையில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீற்றர் நடைபாதை குறித்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால் அங்கே போய்ச் சேரவே பஸ் காசு வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டா நகரம் எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே 1974 முதல் ஞாயிறு காலைகளில் பெருவீதிகளை வாகனத்துக்கு மூடி நடப்பவர்களுக்குத் திறக்கிறார்கள். 1995 முதல் பூங்காக்களில் இலவச உடற்பயிற்சி வகுப்பும் உண்டு. வருபவர்களில் பெரும்பகுதி வசதி குறைந்த பெண்கள். இதற்காக நகர நிர்வாகம் ஜிம் மெஷின் வாங்கவில்லை. வகுப்பு எடுப்பவரின் சம்பளத்துக்குச் செலவழித்தது, வீதியை மூடிக் கொடுத்தது.

கிளிநொச்சியில் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, பின்னேரம் பூட்டிக் கிடக்கிறது. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்து ஆயிரக்கணக்கான வீடு எழும்பியது. அந்த வீடுகளுக்கு நடுவில் பொதுவாக ஒரு பரப்புக் காணியை விட்டிருந்தால் எத்தனையோ கிளித்தட்டு ஓடியிருக்கும். இப்போதும் கெட்டுப்போகவில்லை. பள்ளிக்கூடப் படலைத் திறப்பு ஒன்று, மைதான ஓரத்தில் ஒரு லைற், ஒன்றரை மணித்தியாலம். ஒரு ஜிம் மெஷின் விலை வராது.

போன சனிக்கிழமை திரும்பவும் போனேன். பாலை மரத்தடியில் கொங்கிறீற் தூண்கள் அடுக்கியிருந்தன. கனடாக்காரரின் தம்பி முட்கம்பி அடிக்கப்போகிறாராம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, காணி அவர்களுடையது. மாதர் சங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. பதில் வரும்வரை வாய்க்கால் வீதி அகன்ற ஓரிடத்தில் கோடு போட்டு ஆடுகிறார்கள். பை அக்காவும் நின்றார். அதே சொப்பிங் பை, உள்ளே உமிச்சாம்பல்.

ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் மணல் ரிப்பர் ஒன்று வந்தது. கிளிதான் முதலில் கண்டு கூப்பிட்டது. பன்னிரண்டு பேரும் கரைக்கு ஒதுங்கிச் சேலைத் தலைப்பாலும் துவாயாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். புழுதி அடங்கியபோது மூன்று கோடு காணாமல் போயிருந்தது. அக்கா பையைத் திறந்துகொண்டு முதல் கோட்டுக்குப் போனார்.