சாலை மேற்பரப்புப் பணியில் தொழிற்பயிற்சி: கேரள எல்லைப் பகுதிகள் உணர்த்தும் தேவை

நமது நாட்டில் சாலைகளுக்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்பெறும் நிதியில் ஒரு கணிசமான பகுதி, ஏற்கெனவே போடப்பட்ட சாலைகளின் மேற்பரப்பைப் புதுப்பிப்பதற்கே செலவாகின்றது. உரிய காலத்திற்கு முன்னரே ஒரு சாலை பெயர்ந்துவிட்டால் மழையின் கடுமையும், லாரிகளின் பாரமும், பொருள்களின் தரமும் ஆராயப்படுகின்றன. அச்சாலையைப் போட்ட தொழிலாளிக்கு அத்தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்ற வினா மட்டும் அரிதாகவே எழுகின்றது. திட்டச் செலவின் பயன் மக்களுக்கு முழுமையாகக் கிட்ட வேண்டுமாயின், இவ்வினாவிற்கு விடை காண்பது இன்றியமையாததாகும்.

இரு எல்லைகள், இரு தட்பவெப்பங்கள்

தமிழ்நாட்டையொட்டிய கேரள மாவட்டங்களுள் பாலக்காடும் இடுக்கியும் இவ்வகையில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு அமைந்துள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வழியாகக் கொச்சியை நோக்கிச் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (முன்னாளில் 47) இக்கணவாயினூடே செல்கின்றது. கோடையில் இங்கு வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டுவதுண்டு. சரக்கு லாரிகளின் பாரமும் அதிகம்.

இடுக்கியின் நிலை இதற்கு நேர்மாறானது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறில் சனவரி மாத இரவுகளில் சில ஆண்டுகள் உறைபனி படிகின்றது. மூணாற்றிலிருந்து போடிமெட்டு வரையில் சுமார் 42 கிலோமீட்டர் நீளத்திற்கு விரிவாக்கப்பட்டு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திறந்துவைக்கப்பட்ட 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைப் பகுதியும், குமுளி வழியாகத் தமிழ்நாட்டினுள் இறங்கும் சாலையும் செங்குத்தான சரிவுகளும் வளைவுகளும் நிறைந்தவை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் மூணாற்றை அடுத்த பெரியவரைப் பாலம் உட்பட இம்மாவட்டத்தின் பாலங்களும் சாலைகளும் பெருஞ்சேதமுற்றன.

ஒரே ஒப்பந்ததாரரின் கீழ் ஒரே தொழிலாளர் குழு ஒரு மாதம் பாலக்காட்டு வெயிலிலும், அடுத்த மாதம் இடுக்கியின் மூடுபனியிலும் வேலை செய்ய நேரிடலாம். ஓரிடத்தில் சரியான பழக்கம் மற்றோரிடத்தில் பிழையாகும். காரணம் அறிந்து செய்பவர் மட்டுமே தமது முறையை இடத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும். பயிற்சியின் தேவை இங்குதான் தெளிவாகப் புலப்படுகின்றது.

வெப்பமும் நேரமும்

மக்கள் தார்ச்சாலை என்று வழங்கினும், இன்று பயன்படுவது நிலக்கரியிலிருந்து கிடைக்கும் தார் அன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் எஞ்சும் நிலக்கீல் எனப்படும் பிட்டுமனே ஆகும். இது சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும் இயல்புடையது. சாலைப் பணியின் நுட்பம் முழுவதும் இவ்வியல்பையே சார்ந்துள்ளது.

பரவலாகப் பயன்படும் வி.ஜி.30 என்ற வகை நிலக்கீலை ஜல்லியுடன் கலக்கும்போது கலவையின் வெப்பம் 150 முதல் 165 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். சாலையில் பரப்பும்போது அது 140 டிகிரிக்குக் குறையலாகாது. 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் உருளை ஓட்டும் பணி முடிந்துவிட வேண்டும். அளவுக்கு மேல் சூடேறினால் நிலக்கீல் தன் ஒட்டுந்தன்மையை இழந்து நொறுங்கும் பொருளாகிவிடும். ஆறிப்போன கலவையோ, உருளை எத்தனை முறை ஓடினும் இறுகாது. இறுகாத கலவையின் இடுக்குகளில் மழைநீர் புகுந்து, ஜல்லியையும் நிலக்கீலையும் பிரிக்கின்றது. அடுத்த பருவமழையில் பள்ளம் விழுகின்றது.

ஆகவே, லாரியிலிருந்து கலவை இறங்குவதற்கும் உருளை கடைசி முறையாக ஓடுவதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களே சாலையின் ஆயுளை நிர்ணயிக்கின்றன. மலைக்காற்றில் மெல்லிய படலமாகப் பரப்பிய கலவை மிக விரைவில் ஆறிவிடும். காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதும், மழையிலும் மூடுபனியிலும், சாலையில் நீர் தேங்கியுள்ளபோதும் வேலையை நிறுத்திவைக்க வேண்டுமென மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு கூறுகின்றது. இவ்விதியின் காரணத்தை மேஸ்திரி அறிந்திருந்தாலன்றி, காலை நேர வேலை வீணாவதைப் பொறுத்துக்கொள்ள அவர் முன்வரமாட்டார்.

கண்ணும் கையும் கற்க வேண்டியவை

இத்தொழிலின் திறன்கள் பெரும்பாலும் பார்வையாலும் பழக்கத்தாலும் கைவருபவை. எனினும் அவற்றை முறையாகக் கற்பிக்க இயலும். கலவையிலிருந்து நீலப்புகை எழுந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியது. வெண்ணிற நீராவி எழுந்தால் ஜல்லியில் ஈரம் உள்ளது. லாரியில் கலவை குவியலாக நில்லாமல் தட்டையாகப் படிந்து பளபளத்தால் நிலக்கீல் மிகுந்துள்ளது. பழைய பரப்பின்மீது தெளிக்கும் ஒட்டுப்பூச்சுப் பால்மம் பழுப்பு நிறம் மாறிக் கறுத்த பின்னரே கலவையைப் பரப்ப வேண்டும். கலவையை மண்வெட்டியால் தூக்கி வீசினால் பெரிய ஜல்லி தனியே பிரிந்து உருண்டோடும்.

உருளை ஓட்டுபவர் கற்க வேண்டியவை இவற்றினும் மிகுதி. நேரான சாலையில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்ட வேண்டும். ஒருபுறம் உயர்த்திக் கட்டிய வளைவுகளில் தாழ்ந்த ஓரத்திலிருந்து உயர்ந்த ஓரத்தை நோக்கி உருட்ட வேண்டும். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டரை மிஞ்சலாகாது. சூடான பரப்பின்மீது உருளையை நிறுத்திவைத்தலும், திடீரெனத் திருப்புதலும் கூடா. கலவை ஒட்டாதிருக்கச் சக்கரத்தை நீரால் நனைக்க வேண்டுமேயன்றி டீசலைத் தடவக்கூடாது. டீசல் நிலக்கீலைக் கரைத்துவிடும். இடுக்கியின் கொண்டை ஊசி வளைவுகளில் இவ்விதிகளுள் ஒன்று தவறினும் அதன் விளைவு ஓராண்டிற்குள் கண்கூடாகும்.

பாதுகாப்பும் இக்கல்வியின் ஒரு பகுதியே. கொதிக்கும் நிலக்கீல் தொட்டியில் நீர் புகுந்தால் நுரைத்துப் பொங்கி வழியும். உடலில் பட்ட நிலக்கீலைப் பிய்த்தெடுக்க முயலாமல், உடனே குளிர்ந்த நீரால் நெடுநேரம் ஆற்றி, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். சாலைப் பணியில் நிலக்கீலிலிருந்து எழும் ஆவியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றுள் ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது. கையுறையும் காலணியுமின்றி இப்பணியில் ஈடுபடுவோர் இன்றும் உள்ளனர் என்பதை நினைக்கையில் இதன் அவசரம் விளங்கும்.

பயிற்சி நின்றுவிடும் இடம்

பொறியாளர்களைப் பொறுத்தவரை நமது நாடு பின்தங்கியிருக்கவில்லை. 1934இல் இந்தியச் சாலைக் காங்கிரசும், 1952இல் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையமும் தோன்றின. நெடுஞ்சாலைப் பொறியாளர்களுக்கென 1983இல் அமைந்த தேசியப் பயிற்சி நிலையம், இந்திய நெடுஞ்சாலைப் பொறியாளர் கல்விக்கழகம் என்ற பெயரில் நொய்டாவில் இயங்கி வருகின்றது. ஆனால் இவ்வேணியின் கீழ்ப்படிகளான மேஸ்திரி, உருளை ஓட்டுநர், நிலக்கீல் தெளிப்பவர், கலவையைச் சமன்செய்பவர் ஆகியோருக்கு அறிவு இறங்கி வரும் வழி குறுகியது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் நிலையான தொழிற்கூடங்களுக்குப் பயன்பட்ட அளவிற்கு, இடம்விட்டு இடம் பெயரும் சாலைத் தொழிலாளர் குழுக்களுக்குப் பயன்படவில்லை.

இதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்றுண்டு. ஓர் ஒப்பந்ததாரர் தம் செலவில் ஒருவருக்குப் பயிற்சியளித்தால், அத்தொழிலாளி சிறிது கூடுதலான கூலிக்கு வேறொருவரிடம் சென்றுவிடலாம். செலவு ஒருவருக்கு, பயன் மற்றவருக்கு. எங்கும் பயன்படக்கூடிய பொதுத்திறனுக்கு எந்த முதலாளியும் மனமுவந்து செலவிடமாட்டார் என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964இல் விளக்கியது இந்நிலைக்கு நன்கு பொருந்தும். தொழிலாளியோ தம் நாட்கூலியை இழந்து பயிற்சி பெற இயலாதவர். மிகக் குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்ற முறையில் திறனுக்குத் தனி மதிப்பும் இல்லை. எனவே இப்பொறுப்பு அரசிடமோ, தொழில் முழுவதற்கும் பொதுவான ஓர் அமைப்பிடமோ வந்து சேர்வது இயல்பே.

மொழியும் ஒரு தடையாகும். பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளிலும் தமிழ் பேசுவோர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். கேரளத்தின் கட்டுமானப் பணிகளில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளரே மிகுதியாக இருந்தனர். பின்னர் வட, கிழக்கு மாநிலங்களிலிருந்து பலர் வந்து சேர்ந்தனர். 2013ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு, கேரளத்திலுள்ள பிற மாநிலத் தொழிலாளர் தொகையை 25 இலட்சம் என மதிப்பிட்டது. மலையாளத்தில் மட்டும் அமையும் பயிற்சி இவர்களைச் சென்றடையாது.

வழிகாட்டும் முயற்சிகள்

இத்தடைகளைக் கடக்க இயலும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்றுண்டு. வாக்படானந்தரின் சமூகச் சீர்திருத்த இயக்கத்தின் ஊக்கத்தால் வடகரைக்கு அருகே 1925இல் 14 தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், இன்று பெரிய சாலைப் பணிகளை ஏற்று நடத்தும் நிறுவனமாக வளர்ந்துள்ளது. இங்கு தொழிலாளரே உறுப்பினர். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்போரும் அவர்களே. பயிற்சி பெற்றவர் சங்கத்திலேயே நிலைத்திருப்பதால் பயிற்சிக்கான செலவு வீணாவதில்லை. மேலே கூறிய பொருளாதாரச் சிக்கலுக்குக் கூட்டுறவு கண்ட தீர்வு இதுவெனலாம். கொல்லம் மாவட்டத்தின் சவறாவில் மாநில அரசு 2018இல் தொடங்கிய உட்கட்டமைப்பு, கட்டுமானப் பயிற்சி நிலையத்தை நடத்தும் பொறுப்பும் இச்சங்கத்திடமே ஒப்படைக்கப்பட்டது.

எல்லைக்கு இப்பால் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. பாலக்காட்டையொட்டிய பொள்ளாச்சிக் கோட்டத்தில் தமிழ்நாடு நெடுஞ்சாலைத்துறை, ஐந்தாண்டுகளுக்குச் சாலைகளைக் குறித்த தரத்தில் பேணும் பொறுப்பை ஒரே ஒப்பந்ததாரரிடம் விடும் முறையை 2010களில் கையாண்டது. தாம் போட்ட சாலை பெயர்ந்தால் தாமே சீர்செய்ய வேண்டும் என்ற நிலை ஏற்படும்போது, தேர்ந்த தொழிலாளரை நிலையாக வைத்துக்கொள்வது ஒப்பந்ததாரருக்கே இலாபமாகின்றது.

மழைக்காலமே பயிற்சிக்காலம்

இவ்வெல்லைப் பகுதிகளில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அதன்பின் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், மேற்பரப்புப் பணி பெரும்பாலும் திசம்பர் முதல் மே வரையே நடைபெறுகின்றது. வேலை குறையும் மாதங்கள் தொழிலாளிக்கு வருவாய் குறையும் மாதங்களும் ஆகும். அக்காலத்தில் உதவித்தொகையுடன் இரண்டு மூன்று வாரப் பயிற்சி அளித்தால் இழப்பு ஈடாவதோடு திறனும் வளரும். மலம்புழை, கட்டப்பனை ஆகிய ஊர்களிலுள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை இதற்குப் பயன்படுத்தலாம். செய்முறைப் பகுதியை வேலைப் பருவத்தின் தொடக்கத்தில் பணியிடத்திலேயே நடத்தலாம்.

இதற்கு நிதி புதிதாகத் தேட வேண்டியதில்லை. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை தீர்வை வசூலித்துத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் ஏற்பாடு 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவாயிற்று. அந்நிதியில் ஒரு பகுதியைச் சாலைத் தொழிலாளர் பயிற்சிக்கென ஒதுக்குவது அதன் நோக்கத்திற்கு இசைந்ததே. பல்லாண்டு அனுபவமுள்ளோரைச் சோதித்து, முன்பெற்ற திறனுக்குச் சான்றளிக்கும் முறை 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அச்சான்றிதழ் இரு மாநிலங்களிலும் ஏற்கப்பட்டால், எல்லை கடந்து பிழைக்கும் தொழிலாளிக்கு அது நிலையான உடைமையாகும்.

எனினும் சான்றிதழ் மதிப்புப் பெறுவது அதற்குத் தேவை இருந்தால்தான். உருளை ஓட்டுநரும் மேஸ்திரியும் சான்று பெற்றவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தப் பத்திரங்களில் படிப்படியாகச் சேர்த்து, அதற்குரிய கூலி வேறுபாட்டை மதிப்பீட்டிலேயே அனுமதிக்க வேண்டும். இவ்விரண்டும் துறை அலுவலர்களின் அதிகார எல்லைக்குள் அடங்குபவை. திறனுக்கு விலை கிடைக்கும் என்பது உறுதியானால் பயிற்சி நிலையங்களை நாடித் தொழிலாளரே வருவர். அவர்கள் கைபட்டு அமையும் சாலைகளும் அடுத்த பருவமழையைத் தாங்கி நிற்கும்.