ஆட்டமும் கருவியும்

கள்ளக்குறிச்சி வட்டாரம் முன்னர்த் தென்னார்க்காட்டு ஜில்லாவில் அடங்கியிருந்து, 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. தென்னார்க்காடோ தெருக்கூத்திற்குப் பெயர்பெற்ற நாடு. திரௌபதியம்மன் விழாவில் விடியுமளவும் நிகழும் கூத்தைக் காண்போர் பெரும்பாலும் வேடதாரியையே நோக்குவர். நாம் ஈண்டு மத்தளக்காரரை நோக்குவோம். அவர் கண் ஆடுவோரின் காலைவிட்டு அகலாது. கிறுகி ஒன்று மிகுந்தால் அவர் அடியும் நீளும். ஆட்டம் ஓய்ந்தால் அவர் கையும் ஓயும்.

இனி, நம் கல்லூரி விழாக்களைக் கருதுவோம். ஒலிப்பதிவுக்கு ஆடும் மாணவி ஓர் அடி பிந்தினாளாயின், பாட்டு அவளுக்காக நில்லாது. ஆடுவோர் கருவிக்கு அடிமையாகும் நிலை இதுவே.

இக்குறையை நீக்க வல்லது, ஆடுவோர்க்கு எதிர்வினை புரியும் கணினிக் கருவியாகும். அது தொழிற்படும் முறை எளிது. காமிராவோ உடலில் அணிந்த உணர்கருவியோ அசைவை அறியும். கணினி அதனை எண்களாக மாற்றும். அவ்வெண்களுக்கேற்ப ஒளியும் ஒலியும் திரைக்காட்சியும் மாறும். அமெரிக்க நாட்டு மெர்ஸ் கன்னிங்ஹாமும் ஜான் கேஜும் 1965-இல் நியூயார்க் நகரில் இதற்கொரு முன்னோடி காட்டினர். மேடையில் நட்ட கம்பங்களை ஆடுவோர் நெருங்கவும், ஒளியுணர் கண்களை மறிக்கவும், ஒலிக்கருவிகளுக்குக் குறிப்புச் சென்றது. அக்கன்னிங்ஹாமே 1999-இல் அமைத்த 'பைபெட்' என்னும் ஆட்டத்தில், ஆடுவோரின் அசைவினின்று முன்னரே ஆக்கப்பெற்ற உருவங்கள் மெல்லிய திரையில் தோன்றின. அவை அழகியனவாயினும், அன்றிரவு ஆடியவரைக் கண்டு மாறியவை அல்ல. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே நாம் உணரத்தக்கது.

நம் நாட்டிற்கு இக்கருவி பொருந்துமா? இடர்கள் இரண்டு உள. நொடிக்கு 30 படம் பிடிக்கும் காமிராவில், ஒரு படத்திற்கும் மறுபடத்திற்கும் இடையே நொடியில் முப்பதிலொரு பங்கு கழியும். கணினியும் திரையும் கொள்ளும் நேரம் அதனோடு சேரும். மெல்லிய அசைவிற்கு இத்தாமதம் தீங்கன்று. விரைந்த அடவிற்கோ காட்சி பிந்தித் தோன்றும். மற்று, மூட்டுக்களைக் கண்டு உடலை அறியும் கருவி, கிரீடமும் புஜக்கீர்த்தியும் விரிந்த பாவாடையும் அணிந்த கூத்தரிடம் தடுமாறக்கூடும். ஆகலின் கருவிக்காக வேடத்தைக் குறைத்தல் தகாது. வேடத்தை அறியும்படி கருவியைப் பழக்குதலே முறை.

கல்வராயன் மலையைப் பொருளாகக் கொண்டு நம் மாணவர் ஓர் ஆட்டம் அமைப்பதாகக் கொள்வோம். ஆடுவோள் கையை உயர்த்துந்தோறும் திரையில் மூடுபனி விலகி மலைமுகடு தோன்றலாம்; அவள் நின்றால் பனியும் நிற்கும். இது நன்று. ஆயின் திரைக்குப் பொருள் தேடுங்கால் மத்தளக்காரரை விலக்குவரேல், பெற்றதினும் இழந்தது பெரிதாகும். மின்சாரம் நின்றவிடத்தும் ஆட்டத்தைத் தாங்குவது அவர் கையன்றோ?

ஆதலின் இத்துறையிற் புகும் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: கணினியின்முன் அமரும் முன்னர், ஓர் இரவேனும் மத்தளக்காரர் அருகில் அமர்மின். ஆடுவோரைப் பின்தொடரும் கலையை அவரினும் நன்கு கற்பிப்பார் அரியர்.