பழைய டீசல் வாகனத்துக்கும் ஒரு சம்பளம் உண்டு

2020 மார்ச் மாதத்தில் எமது நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும், வரிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், புதிய டபுள் கெப் ஒன்றோ ஜீப் ஒன்றோ சிறு வியாபாரிகளின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவேதான் 1980களிலும் 1990களிலும் தயாரான டீசல் வாகனங்கள் இன்றும் எம்மில் பலரது வியாபாரத்தைச் சுமந்து கொண்டிருக்கின்றன. வயல் வரம்பு வரை போய் நெல் ஏற்றுவதும், மணல் பாதையில் மீன் பெட்டி கொண்டு வருவதும், மலையில் மரக்கறி இறக்குவதும் இந்த வாகனங்கள்தான்.

நான் நீண்ட காலமாக உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன். உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருபவர்களிடம் நான் கண்ட உண்மை ஒன்றுதான். இந்த எஞ்சின்கள் வயது போனதால் படுப்பது குறைவு. சில ஆயிரம் ரூபா வேலையொன்றை "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டதால் படுப்பதே அதிகம்.

நட்டம் பில்லில் மட்டும் இல்லை

அம்பாறை மாவட்டத்தில் நெல் வாங்கி விற்கும் சகோதரர் ஒருவர் எனது வாடிக்கையாளர். பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம், அவரது டபுள் கெப்பின் எஞ்சினுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. அது ஊதிப்போயிருப்பதை கராஜ்காரர் இரண்டு மாதங்களுக்கு முன்னரே சொல்லியிருந்தார். முடிவில் எஞ்சின் ஹெட் வெடித்தது. வாகனம் மூன்று வாரங்கள் கராஜில் நின்றது.

திருத்தச் செலவை அவர் சில மாதங்களில் சமாளித்துக்கொண்டார். ஆனால் அறுத்த நெல்லை வைத்துக்கொண்டு விவசாயி மூன்று வாரம் காத்திருப்பாரா? வழமையாக அவருக்கே கொடுத்து வந்தவர்கள் வேறு வியாபாரிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த போகத்தில் அவர்களில் பாதிப்பேர்தான் திரும்பி வந்தார்கள். கராஜ் பில்லில் எழுதப்படாத நட்டம் அதுதான்.

சூடுதான் முதல் எதிரி

"காக்கா, ஹீட் மீட்டர் முள்ளு மேல ஏறவே இல்ல. ஏறியிருந்தா நிப்பாட்டியிருப்பனே" என்று அவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது பொய்யல்ல. மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் கொதித்துக் கொண்டிருக்க, முள் சாதாரணமாகவே இருக்கும். எனவே, ஹெட்டின் உலோகச் சூட்டையே அளந்து மணியடிக்கும் சிறிய எச்சரிக்கைக் கருவியொன்றைப் பொருத்திக்கொள்வது மிகவும் பயனுள்ளது.

பஜெரோவில் வந்த 2.5 லீற்றர் 4டீ56, டொயோட்டாவின் 3 லீற்றர் 1கேஇசட் போன்ற எஞ்சின்களில் புளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். அளவுக்கு மீறிய சூடு ஒருமுறை ஏறினாலே ஹெட் வளையலாம், வால்வுகளுக்கு இடையில் வெடிக்கலாம்.

இதற்கான பாதுகாப்பு செலவு குறைந்தது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் பாவியுங்கள். அது உள்ளே துருவும் உப்பும் படியாமல் காக்கும். ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையில் காய்ந்த சேற்றைக் கழுவி எடுங்கள். ஊதிய, வெடிப்புக் கண்ட குழாய்களை அன்றே மாற்றுங்கள்.

"எமது நாடு சூடான நாடு, தெர்மோஸ்டட் தேவையில்லை" என்று அதைக் கழற்றி வீசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது தவறு. பல எஞ்சின்களில் சூடேறியதும் பக்கவழியை மூடுவதும் தெர்மோஸ்டட்தான். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குள் திரும்பச் சுற்றும். ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது அதன் விளைவு தெரியும்.

ஒரு இலட்சம் கிலோமீற்றர் பெல்ட்

டைமிங் பெல்ட் உள்ள பழைய ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் அதை மாற்றும் காலம் பொதுவாக 100,000 கிலோமீற்றர். டொயோட்டாவில் அதற்கென்றே டேஷ்போர்ட்டில் ஒரு விளக்கு எரியும். 4டீ56 எஞ்சினில் டைமிங் பெல்ட்டுடன் பெலன்ஸ் சாஃப்டுக்கான சிறிய பெல்ட் ஒன்றும் உண்டு. சிறியது அறுந்து பெரியதில் சிக்கினால் இரண்டும் போய்விடும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

பாவித்த வாகனம் வாங்குபவர் மீட்டரில் உள்ள எண்ணை நம்பி இருக்கக்கூடாது. பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டுடன் டென்ஷனர் பெயரிங்கையும் முன்பக்க ஒயில் சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒயில் பட்ட புதிய பெல்ட்டும் நீண்ட காலம் தாங்காது.

ஒயில், காற்று, டீசல்

டீசல் எஞ்சினில் ஒயில் விரைவில் கறுப்பாவது இயல்பு. கரித்தூளைச் சுமப்பது அதன் வேலை. ஆனால் சுமக்கும் அளவுக்கும் எல்லை உண்டு. டீசலுக்குரிய 15டபிள்யூ-40 ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்டருடன் மாற்றச் சொல்வதே எனது வழக்கம்.

புழுதிப் பாதையில் ஓடும் வாகனத்துக்கு எயார் பில்டரே உயிர். உள்ளே போகும் மண் தூள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அரம் போல் தேய்த்துவிடும். பில்டரை ஊதும்போது உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் ஊத வேண்டும். பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தால் புதிய பில்டர் போட்டும் பயனில்லை.

டீசல் பம்ப் விடயத்தில் 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியை நாம் மறந்துவிடக்கூடாது. பழைய சுழல் பம்புகளுக்கு வேறு மசகு எண்ணெய் கிடையாது. அவற்றை வழுவழுப்பாக வைத்திருப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்தத் தன்மை குறைவு. கலப்படம் பம்பைத் தேய்த்துவிடும். தண்ணீர் நொசிலைத் துருப்பிடிக்க வைக்கும். டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து மாதம் ஒருமுறை தண்ணீரை வடித்துவிடுங்கள்.

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் உடனே கராஜுக்குப் போக வேண்டும். புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரமும் தடைப்படும்.

சேற்றில் இறங்கும் வாகனம்

ஆழமான தண்ணீரைக் கடந்து வந்தால் முன், பின் டிபரன்ஷல் ஒயிலைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். புரொப்பெல்லர் சாஃப்ட் நிப்பிள்களுக்குப் புதிய கிரீஸ் அடியுங்கள். நாலு சில்லு கியரைப் பாவிக்காமல் வைத்திருந்தால் அது இறுகிவிடும். மாதம் ஒருமுறை மண் தரையில் போட்டு ஓட்டுங்கள். காய்ந்த தார் வீதியில் அதைப் போட்டுத் திரும்பக் கூடாது. வளைவில் முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு தூரம் ஓடுவதால் பற்சக்கரங்கள் முறுக்கேறி உடையும்.

சம்பளக் கணக்கு

கடையில் வேலை செய்யும் பையனுக்கு மாதம் முடிந்ததும் சம்பளம் கொடுக்கிறோம். அவனைவிட அதிகம் சுமக்கும் வாகனத்துக்கு, அது விழுந்த பிறகுதான் பணம் தேடுகிறோம். இது வியாபாரக் கணக்கல்ல.

உதாரணத்துக்கு, வாகனம் மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுகிறது என்றும், கிலோமீற்றருக்கு 15 ரூபா ஒதுக்குகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 22,500 ரூபா, வருடத்துக்கு 270,000 ரூபா. ஒயிலுக்கும் பில்டருக்கும் போக மீதி, பெல்ட்டுக்கும் டயருக்கும் சேரும். உங்கள் வாகனத்துக்குரிய தொகையை உங்கள் பழைய பில்களே சொல்லும். அந்தப் பணத்தைக் கடைப் பணத்தோடு கலக்காதீர்கள். ஏற்றுக்கூலி பேசும்போதும் அதைச் சேர்த்தே பேசுங்கள்.

திருத்துவதா, விற்பதா?

பெரிய செலவு வரும்போது முதலில் எஞ்சினைப் பார்க்காமல் செசியைப் பாருங்கள். எஞ்சினைச் செய்துகொள்ளலாம், துருப்பிடித்து ஓட்டை விழுந்த செசியின் மேல் பணம் போடுவது வீண். செசி நல்லதென்றால் திருத்துவதே இலாபம். ஹெட் கழன்றால், பூட்டுவதற்கு முன் அழுத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பல எஞ்சின்களுக்கு ஹெட் கேஸ்கட் வெவ்வேறு தடிப்புகளில் வருகிறது. பிஸ்டன் எழும் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். எஞ்சினையே மாற்றினால் புதிய இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

இவை அனைத்துக்கும் தேவைப்படுவது ஒரு நாற்பது பக்கக் கொப்பி. திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, கொடுத்த பணம் என்று நான்கு நிரல்கள் போதும். நாளை விற்க நேர்ந்தாலும், அந்தக் கொப்பியையும் பில்களையும் வாங்குபவர் முன் வைக்கக்கூடியவர் நியாயமான விலையைத் தயங்காமல் கேட்கலாம். பெல்ட் எப்போது மாற்றியது என்று இன்று உங்களுக்குச் சொல்ல முடியாவிட்டால், கொப்பியின் முதல் வரியில் எழுத வேண்டிய வேலை அதுதான்.