துரியன் நாறுவது ஏன்?

பைக்காரா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளிமீது உறைபனி படியும். போர்னியோ, மலாயா ஆகியவற்றின் வெப்ப மழைக்காடுகளைச் சேர்ந்த துரியன் மரம் அக்குளிரைத் தாங்காது. ஆனால் 1,000 மீட்டர் கீழே இறங்கினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. ஆகவேதான் அதே நீலகிரி மலையின் கீழ்ச்சரிவில், குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பர்லியார், கல்லாறு அரசுப் பழப்பண்ணைகளில் துரியன் காய்க்கிறது. இவற்றுள் பர்லியார் பண்ணை 1871இலும் கல்லாறு பண்ணை 1900இலும் தொடங்கப்பட்டவை.

மலாய் மொழியில் 'டுரி' என்றால் முள். பார்வைக்குப் பலாவைப் போல் இருந்தாலும் துரியன் பலாவின் இனமன்று, இலவமரத்துக்கு உறவு. பலாப்பழம் பல பூக்கள் சேர்ந்து உருவாவது. துரியனோ ஒரே பூவிலிருந்து உருவாவது. முள்தோலைப் பிளந்தால் அறைகளுக்குள் வெண்ணெய் போன்ற இனிய சுளைகள் இருக்கும். ஆனால் அதற்கு முன்பே அழுகிய வெங்காயத்தின் நாற்றம் மூக்கைத் தாக்கும்!

இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் உள்ளவை போன்ற கந்தகச் சேர்மங்களே காரணம். துரியனின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்த சிங்கப்பூர் அறிவியலார் 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். கந்தக மணப்பொருள்களை உண்டாக்க உதவும் ஒரு நொதிக்கான மரபணு, துரியனில் பல படிகளாகப் பெருகியிருப்பதை அவர்கள் கண்டனர். பழம் கனியும்போது இம்மரபணுக்கள் மும்முரமாக இயங்குகின்றன.

மரத்துக்கு இதனால் என்ன பயன்? அடர்ந்த காட்டில் கண்ணுக்குத் தெரியாத பழமும் மூக்குக்குத் தெரிந்துவிடும். யானை, ஒராங்குட்டான் போன்றவை மணத்தை அறிந்து வந்து உண்டு, விதைகளைப் பரப்புகின்றன. நமக்கு நாற்றம், விலங்குகளுக்கோ விருந்துக்கு அழைப்பு!

துரியனை உண்டால் குழந்தைப் பேறு கிட்டும் என்று நம்பி, அதிக விலை கொடுத்து வாங்கிச் செல்லும் தம்பதியர் பலர். இதற்கு அறிவியல் சான்று இல்லை. பழத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் கொழுப்பும் பொட்டாசியமும் நிறைய உண்டு. ஆகவே நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். கருத்தரிக்காமைக்குரிய காரணம் பெண்ணிடமோ ஆணிடமோ, இருவரிடமுமோ இருக்கலாம். எனவே இருவரும் பரிசோதனை செய்துகொள்வதே முறை. வயது ஏற ஏற வாய்ப்புக் குறைவதால், பழத்தை நம்பி ஆண்டுகளைக் கழிப்பது பெரும் இழப்பு. துரியனைச் சுவைக்காக உண்போம். மருந்துக்கு மருத்துவரை நாடுவோம்.